பதினோரு மணிக்கு ஓசன்னா

அக்டோபர் 9, 1986, வியாழன். ஹைல்பிரோன்

ரேடியோ விஷயமாகக் காலையிலேயே கெர்த்தாவுடன் சண்டை. நான் வைத்தால் தெருமுனை வரை கேட்கிறதாம். "அடுத்த வீட்டுக்காரங்க தனியா ரேடியோ வாங்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க" என்கிறாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடமாக இந்த வாய்க்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவள் தொல்லை தாங்காமல்தான் ஆகஸ்டில் காது டாக்டரிடம் போனேன். தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். வலப்பக்கம் போகப் போகக் கோடு சரிந்தது. "மெல்லிசான சத்தமெல்லாம் போயிடுச்சு மோஸ்னர் சார். பூச்சி, பறவை, பேச்சுல 'ஸ்' சத்தம் - இதெல்லாம் இனிமே கஷ்டம்" என்றார். எனக்கென்ன, நான் பூச்சி பிடிக்கிறவனா? கோயில் மணிகளைச் சோதிக்கிறவன். முப்பது வருடத்தில் திருச்சபைக்காக இருநூறு கோபுரம் ஏறியாயிற்று. மணி அடிவயிற்றிலிருந்து பேசும், பூச்சி மாதிரி அல்ல.

திங்கட்கிழமை ஆல்டன்ரீட் போகிறேன். பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் அந்த ஊரில் சோதனை. அந்த நினைப்பே காலைச் சண்டையை மறக்கடித்துவிட்டது.

அக்டோபர் 13, திங்கள். ஆல்டன்ரீட்

இது என் நான்காவது வருகை. பேருந்து மலையின் கடைசி வளைவில் திரும்பியதும், அறுபத்திரண்டு வயதுக்காரன் இருக்கையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து முறைத்தார்.

இந்த ஊரில் ஒரு வீடுகூட நேராக நிற்காது. மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு ஐந்நூறு வருடமாக நிற்கின்றன. மேல்தெரு வீட்டின் வாசற்படியும் கீழ்த்தெரு வீட்டின் புகைபோக்கியும் ஒரே உயரம். என்னுடைய ஹைல்பிரோனைப் போர் ஒரே நாளில் தின்றது. இங்கே அது வழி தெரியாமல் போய்விட்டதோ என்னவோ. ஒவ்வொரு முறையும் எனக்குப் பொறாமையாக இருக்கும், இம்முறையும் இருந்தது.

நிறுத்தத்தில் ஹெட்விக் ஹேஃபெலே காத்திருந்தாள். இந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. கதவு திறப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, மணியடிப்பது எல்லாம் இருபது வருடமாக அவள் பொறுப்பு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொப்பை போட்டுட்டீங்க சார். கோபுரத்துக்கு நூத்தி நாப்பத்தெட்டு படி. நடுவுல ஒரு நாற்காலி போட்டு வெக்கட்டுமா?"

"உங்களுக்கும் சேத்துப் போடுங்க ஹெட்விக் அம்மா" என்றேன்.

வழக்கமாக உடனே ஒன்று திருப்பி அடிப்பாள். இன்று பேசாமல் என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஓசன்னாவைப் பார்த்தேன், இந்தக் கோயிலின் பெரிய மணி. 1463-இல் வார்த்தது, ஒன்றரை டன். தோளைச் சுற்றித் திராட்சைக்கொடி, அதன் கீழே எழுத்து. அந்தக் கொல்லன் ஓர் இலையைத் தலைகீழாக வைத்துவிட்டான். அந்தத் தவறு உட்பட எனக்கு அவளை அப்படியே பிடிக்கும்.

போரின்போது பீரங்கி செய்ய என்று ஊர் ஊராக மணிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1942-இல் இங்கிருந்து மூன்று போயின. ஆறு வருடம் கழித்து ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து ஓசன்னா மட்டும் திரும்பினாள். மற்ற இரண்டும் உருகிப் போயின. இப்போது அவள் பக்கத்தில் தொங்கும் இரண்டும் பிறகு வார்த்த சின்னப் பிள்ளைகள்.

முறைப்படி எல்லாம் செய்தேன். விளக்கடித்துப் பார்த்தேன், விளிம்பைத் தடவினேன். நாக்கு வந்து அடிக்கிற இடத்தில் கொழுப்பும் புகைக்கரியும் கொஞ்சம் அதிகம். "எண்ணெய் போடறப்ப சிந்திருக்கும்" என்றாள் ஹெட்விக். மரச் சுத்தியலால் தட்டி, இசைக்கவைகளை ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டேன். கார்வை 74 விநாடி நின்றது. 1976 குறிப்பில் 96 என்று இருக்கிறது. இன்று கோபுரத்துக்குள் மூடுபனி புகுந்திருந்தது, ஈரக்காற்று ஒலியைக் குடித்துவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும். குரல் அதே குரல்தான்.

மதியம் 'பொன்மான்' விடுதியில் பத்துப் பதினைந்து பேர் எனக்காகவே காத்திருந்தது போல இருந்தார்கள். முதலாளி ஓய்கேன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்ன சார், எங்க கிழவி எப்படி இருக்கா?"

"பழுதே கிடையாது. சுத்தமான குரல். இன்னும் ஐந்நூறு வருஷம் அடிக்கலாம்" என்றேன்.

ஆரவாரம் எழும் என்று பார்த்தால் சத்தமே இல்லை. முட்கரண்டிகூட அசையவில்லை. பிறகு ஓய்கேன் பிளம் சாராயம் எடுத்து வந்து என் முன் வைத்து, என் தோளை ஒரு பிடி பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு மணிக்காக இப்படி வாயடைத்து உட்கார்கிற ஜனங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அக்டோபர் 15, புதன்

இந்த ஊர் இன்னும் பதினோரு மணியை மதிக்கிறது. முன்பு வயலில் இருக்கும் பெண்கள் வீட்டுக்குப் போய் உலை வைக்க என்று அடித்த மணி. இப்போது வயலில் யாரும் இல்லை. ஆனாலும் தினமும் பதினொன்றுக்கு ஓசன்னா தனியாக அடிப்பாள், அந்த முதல் அடிக்குத்தான் ஓய்கேன் மதியச் சாப்பாட்டுக்குப் பிசைந்த மாவைச் சீவிக் கொதிநீரில் போடுவான்.

இன்று அந்த நேரத்தில் ரொட்டிக்கடையில் இருந்தேன். முதல் அடி விழுந்ததும் கடைக்காரி இர்மாவின் கை ரொட்டிமேல் அப்படியே நின்றது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடி ரசித்து, தலையை ஆட்டி, "ஆஹா!" என்றேன். இர்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நான் கேட்காமலே அரைத் தட்டு பிளம் கேக்கைக் கட்டித் தந்தாள். "வெச்சுக்கங்க சார். உங்க மனசு யாருக்கு வரும்?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

அறிக்கையை எழுதி முடித்தேன்: "குறை ஏதும் இல்லை. முழு வீச்சில் அடிக்கலாம்." ஞாயிறன்று கோயில் திருநாள், மூன்று மணிகளும் சேர்ந்து அரைமணி நேரம். அதைக் கேட்டுவிட்டே ஊருக்குப் போகிறேன்.

நேற்றுச் சாப்பாட்டுக்கு ஓய்கேன் காசு வாங்க மறுத்துவிட்டான். "உங்ககிட்ட வாங்கினா என் கை அழுகிடும்" என்கிறான். மேல்தெருவில் பெயர் தெரியாத பெரியவர் ஒருவர் வேலியைத் தாண்டி வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். மலைச்சரிவில் பீச் மரங்கள் இலை பழுத்து நிற்கின்றன. ஓடை தெருவுக்கு அடியில் ஓடுகிறது. அதன் சத்தம் முன்பெல்லாம் அறைக்குள் கேட்குமே, வாய்க்காலை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. ஓய்வு பெற்றதும் கெர்த்தாவைக் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அக்டோபர் 17, வெள்ளி

இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

காலையில் விடுதித் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஹெட்விக் வந்து எதிரே நின்றாள்.

"சார், என்னால முடியல. ஞாயித்துக்கிழமை மூணையும் சேத்து அடிக்கணும். கீழ வாசல் முழுக்க ஜனம் நிக்கும். ஓசன்னா விளிம்பு தெறிச்சு விழுந்தா என்ன ஆகும்?"

"ஏன் தெறிக்கணும்?"

"போதும் சார். நீங்க நல்லவர், ஊருக்கே தெரியும். நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கறப்பவாவது உண்மையப் பேசலாமே."

ஆகஸ்டிலிருந்து ஓசன்னா கரகரக்கிறாளாம். விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். நான் வரப்போகிறேன் என்று தெரிந்ததும் ஹெட்விக்கும் ஓய்கேனும் மேலே போய், விரிசலில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, அதன்மேல் கொழுப்பும் கரியும் பூசியிருக்கிறார்கள். சொன்னால் நான் அவளைக் கீழே இறக்கி, பழுது பார்க்கும் பட்டறைக்கு அனுப்பச் சொல்வேன். போன மணி திரும்பி வராது என்பது இந்த ஊரின் பயம். 1942-இல் மணிகள் வண்டியேறியபோது ஹெட்விக் பதினாறு வயதுப் பெண். மணிகளுக்கு மாலை கட்டிப் போட்டவள் அவள்தான்.

"கண்ணுக்குத் தெரியாம மறைச்சோம். ஆனா உங்க காதை ஏமாத்த முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும் சார். நீங்க சுத்தம்னு சொன்னப்ப எங்களுக்கு மூச்சே நின்னுது. எங்க மேல இரக்கப்பட்டு, முப்பது வருஷப் பேரைப் பணயம் வெச்சுப் பொய் சொல்றீங்கன்னு ஊரே அழுதுது."

ஆக, அந்தச் சாராயம், அந்தக் கேக், அந்தக் கைகுலுக்கல் எல்லாம் அதற்குத்தான். பதினோரு மணிக்குக் கடையே என்னைத் திரும்பிப் பார்த்ததும் அதற்குத்தான். அவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது. நான் "ஆஹா" என்றேன். எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறாள், அவளுக்கே அது தெரியவில்லை. 'ஆமாம், கேட்டுது, உங்களுக்காகத்தான் பொய் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விரிசலை இப்போது கண்டுபிடித்ததாக எழுதிவிடலாம். மணியும் பிழைக்கும், என் பேரும் பிழைக்கும், மகான் பட்டமும் கிடைக்கும். சொல்லிடேன்டா ஆல்பிரெக்ட், யாருக்குத் தெரியப் போகுது? - சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் ஏப்ரலில் சோதித்த மணி ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருடம் சோதித்தவை. எல்லாவற்றுக்கும் 'குறை ஏதும் இல்லை'. அந்தக் கோபுரங்களின் கீழேயும் ஜனம் நிற்குமே!

"ஹெட்விக் அம்மா, எனக்குக் கேக்கல" என்றேன்.

"என்ன கேக்கல?"

"கரகரப்பு. நீங்க சொல்ற எதுவுமே எனக்குக் கேக்கல. நான் பொய் சொல்லல. நிஜமாவே சுத்தம்னுதான் நினைச்சேன்."

மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அட கடவுளே, அப்ப அந்த 'ஆஹா' நிஜமா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள், நானும்தான். தோட்டத்துப் பக்கம் வந்த ஓய்கேன் எங்களைப் பார்த்து அப்படியே பின்வாங்கினான்.

இன்று பதினோரு மணிக்கு ஓசன்னா அடிக்கவில்லை. ஓய்கேனின் மாவு கல்லாகிவிட்டதாம்.

அக்டோபர் 18, சனி

காலையில் இருவரும் மேலே ஏறினோம். பேனாக்கத்தியால் மெழுகைச் சுரண்டினேன். விரிசல் தெரிந்தது, மயிரிழை போல. நான் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "சரி... சரி... இங்க லேசா... இங்க தகரம் மாதிரி." என்ன காது அந்த மனுஷிக்கு! அவள் நிறுத்தச் சொன்ன இடமெல்லாம் விரல் வைத்தேன். விரிசலின் இரண்டு முனையும் மிகச் சரியாக அங்கேதான் இருந்தன.

மூன்று மணிக்குப் பொன்மானில் ஊர் கூடியது. விரிசலோடு அடித்தால் உடைந்துவிடும், உடைந்தால் உருக்கத்தான் வேண்டும். இப்போதே இறக்கினால் பற்றவைத்துக் காப்பாற்றலாம் என்றேன். அப்புறம் என் விஷயத்தையும் சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன்.

ஓய்கேன் சும்மா விடவில்லை. "மன்னிக்கணும் சார். செவ்வாக்கிழமை ஐந்நூறு வருஷம்னீங்க, சனிக்கிழமை அஞ்சு நிமிஷம் தாங்காதுங்கறீங்க. காது கேக்காதவர் சொல்றத நம்பி நாங்க அவளை வண்டியேத்தணுமா?"

"என்னை நம்பாதீங்க. உங்க காதை நம்புங்க. ஆகஸ்ட்லேர்ந்து உங்க எல்லாருக்கும் தெரியுமில்ல?"

இர்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் தினமும் பதினோரு மணிக்கு ஜன்னலைச் சாத்திக்கறேன். எத்தனை நாள் சாத்தறது?"

"போனா வருவாளா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். ஹெட்விக் எழுந்தாள். "போன தடவை அவளைத் தனியா அனுப்பினோம். இந்தத் தடவை கூடப் போவோம்."

என்னை வெறுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். வெளியே வரும்போது வேலி தாண்டி வந்த அந்தப் பெரியவர் மறுபடி கைகொடுத்தார்.

அக்டோபர் 19, ஞாயிறு

திருநாளுக்கு இரண்டு சின்ன மணிகள் மட்டும் அடித்தன. அந்த ஓசைக்கு நடுவே ஓசன்னாவின் இடம் காலியாக இருந்தது எனக்கே தெரிந்தது. யாரும் அழவில்லை. அவ்வளவு பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தபடி நின்றார்கள்.

அக்டோபர் 20, திங்கள். ஹைல்பிரோன்

கெர்த்தாவிடம் எல்லாம் சொன்னேன். 'நான்தான் சொன்னேனே' என்பாள் என்று தயாராக இருந்தேன். சொல்லவில்லை. எழுந்து போய் ரேடியோவை எனக்குக் கேட்கிற அளவுக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நவம்பர் 3, திங்கள்

இன்று ஓசன்னாவை இறக்கினார்கள். போகவில்லை, போக முகம் இல்லை. ஹெட்விக் தொலைபேசியில் கத்திச் சொன்னாள். லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் அவள், பின்னாலேயே காரில் ஓய்கேன். பட்டறைக்காரர் ரசீது தருகிறேன் என்றாராம். "ரசீது 42-லயும் குடுத்தாங்க" என்றிருக்கிறாள்.

நவம்பர் 21, வெள்ளி

இரண்டு வருடத்தில் நான் 'குறை இல்லை' எழுதிய பதினான்கு ஊர்களுக்கும் கடிதம் போட்டுவிட்டேன், ஒவ்வொன்றும் என் கையெழுத்தில். திருச்சபைக்கு ராஜினாமா. என் இடத்துக்கு வருகிற பெண்மணி பதினான்கையும் மறுபடி ஏறிப் பார்ப்பார். இரண்டு ஊரிலிருந்து கோபமான பதில் வந்தது. நியாயமான கோபம்.

டிசம்பர் 16, செவ்வாய்

பதின்மூன்று மணிகள் நலம். ஒன்றில் நாக்கின் தோல்பட்டை அறுந்திருந்தது, மாற்றியாயிற்று. வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 20, 1987, செவ்வாய்

காதுக் கருவி மாட்டியாயிற்று. முட்கரண்டிச் சத்தம் ஈட்டி போலக் குத்துகிறது. கெர்த்தா நடக்கும்போது செருப்பு இவ்வளவு பேசுமா?

இர்மாவிடமிருந்து தபால் அட்டை. ஆல்டன்ரீட்டில் முறை வைத்திருக்கிறார்களாம்: வாரம் இரண்டு பேர், பட்டறைக்குப் போய் மணியைப் பார்த்துவிட்டு வருவது. பனியில் மூன்று மணி நேர ரயில். இந்த வாரம் இர்மாவும் போதகரும். "பட்டறைக்காரர் எங்களைப் பார்த்தாலே ஓடுகிறார்" என்று எழுதியிருக்கிறாள். இப்படியும் ஓர் ஊர் இருக்கிறது என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

ஏப்ரல் 8, புதன்

வந்துவிட்டாள். ஹெட்விக் பேசினாள். ஊரே மலைப்பாதை வளைவு வரை இறங்கி, லாரியோடு நடந்தே ஏறியதாம். புதிய சோதனையாளர் பெண்மணி கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"ஈஸ்டருக்கு முதல் அடி. நீங்க வராம ஆரம்பிக்க மாட்டோம்" என்றாள்.

"எனக்கு இப்ப அங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல. அதனாலதான் கூப்பிடறோம்."

ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயிறு. ஆல்டன்ரீட்

முதன்முறையாக இந்த ஊருக்கு இசைக்கவை இல்லாமல் வந்திருக்கிறேன். கெர்த்தா முதல் சந்து தொடங்கி ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று நின்று வந்தாள். "முப்பது வருஷமா இதைத் தனியாவே பாத்துட்டிருந்தீங்களா?" என்று ஒரு பார்வை பார்த்தாள்.

பதினோரு மணிக்குச் சந்தை வெளியில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். ஓசன்னா அடித்தாள். முதல் அடி காலடிக் கல் வழியாக ஏறியது. கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எனக்கு மிச்சமிருக்கிற காதால் மட்டும் கேட்டேன். நன்றாக இருந்ததா என்று சொல்ல எனக்கு இனி அதிகாரம் இல்லை. சந்தோஷமாக இருந்தது.

கடைசி அடி விழுந்து, கார்வை தேய்ந்து, முடிந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

கெர்த்தா என் கையைப் பிடித்து இழுத்து, என் காதருகே வாய் வைத்துச் சொன்னாள்: "இருங்க. இன்னும் முடியல."

தொப்பியைக் கழற்றிவிட்டு, அவள் என் கையை விடுகிற வரை நின்றேன்.